கொண்டை ஊசி முனி

வா சாமி, வா. புது வண்டியாக்கும்! மாலை போட்டாச்சு, சந்தனம் குங்குமம் வெச்சாச்சு, சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கியும் ஆச்சு. ரெண்டு சக்கரத்துக்கு நாலு பழம் எதுக்குன்னு உன்ற அம்மிச்சி முணுமுணுத்துக்கிட்டுக் கெடக்கறா, அதக் காதுல போட்டுக்காத. நாளைக்குக் கூட்டாளிகளோட கொல்லிமலை போறயாமா? உங்கம்மா கண்ணக் கசக்கிக்கிட்டு வந்து நின்னா. நாந்தான் தேத்தி அனுப்புனேன். "பையன் என்ஜினீரிங் படிக்கறான் புள்ள, மலையில இருக்கற 70 கொண்டை ஊசி வளைவையும் பார்முலா போட்டே நேராக்கிப்போடுவான், நீ போயி அடுப்பப் பாரு"ன்னேன். தப்பாச் சொல்லிப்போட்டனா?

மூஞ்சியத் தூக்காத. நான் போவாதேன்னு சொல்லல. சொன்னாக் கேக்கற வயசா உனக்கு? சித்தெ உக்காரு. போற வழியில ஒரு முனி நிக்கும், அதப் பத்தி நாலு வார்த்தை சொல்லித் தாட்டி வுடறேன்.

நம்மூருக்குத் தெக்கால, வாய்க்கா தாண்டுனதும் ஒரு வளைவு இருக்குதல்ல, அங்க முனி இருக்குதுன்னு ஊரே சொல்லும். போற வார வண்டியப் புடிச்சுத் தள்ளிப்போடுதாம். அமாவாசைக்கு அமாவாசை பூசணிக்கா ஒடைக்கறாங்க. நானும் காசு போட்டிருக்கறேன், முனிகிட்ட எதுக்கு வம்பு? ஆனா பாதி ஆயுசு லாரி ஸ்டியரிங்கப் புடிச்சவன் கண்ணு சும்மா இருக்குமா? அந்த முனியோட நடத்தையப் பூராப் பாத்து வெச்சிருக்கறேன். ஒரு நாளும் அது யாரையும் வளைவுக்கு உள்பக்கமாத் தள்ளுனதில்ல. தள்ளுனா வெளிப்பக்கந்தான், அதே சீமைக் கருவேல முள்ளுக்குள்ளதான். மாட்டு வண்டியத் தொடாது. பால் கேனக் கட்டிக்கிட்டு மொபட்டுல போற பெரியவரத் தொடாது. உன்னாட்டப் புது வண்டி வாங்குன பையனக் கண்டா எச்சி ஊறும். மழை பேஞ்சு தடம் நனைஞ்சிருந்தா நெம்பப் பசியோட நிக்கும். எவனாச்சும் லாரியில இருந்து மணல் சிந்திட்டுப் போயிருந்தான்னா அன்னைக்கு அதுக்குக் கெடா வெட்டு. இத்தனை ஒழுக்கமான முனிய நீ எங்கயாச்சும் பாத்திருக்கறயா? ராகு காலம் பாக்கறதில்ல, எமகண்டம் பாக்கறதில்ல, வெசைய மட்டும் பாக்குது.

அதே முனி பஸ்சுக்குள்ளயும் ஏறும். சந்தையன்னைக்கு டவுன் பஸ்சுல போயிப் பாரு. நிக்க எடமிருக்காது. தக்காளிக் கூடைய இடுப்புல வெச்சுக்கிட்டு ஒருத்தி, அவளுக்கு வலது பக்கம் வெத்தலை மென்னுக்கிட்டு இன்னொருத்தி. டிரைவரு இடது கைப் பக்கமா ஒரு ஒடிப்பு ஒடிப்பான். கூடைக்காரி போயி வெத்தலைக்காரி மேல சாய்வா. "ஏன் மேல வந்து உழுவற?" "நானா உழுந்தேன், பஸ்சு தள்ளிப்போடுச்சு." பேச்சு வளர்ந்து ரெண்டு பேரோட பொறந்த ஊடு வரைக்கும் போயிரும். கண்டக்டரு விசிலு ஊதி அடக்கப் பாப்பான். என்னைய நாட்டாமைக்கு உக்கார வெச்சிருந்தா என்ன சொல்லியிருப்பேன் தெரியுமா? யாரும் யாரையும் தள்ளல தாயி. உன்ற ஒடம்பு நேராப் போயிக்கிட்டு இருந்துச்சு, அது பாட்டுக்கு நேராத்தான் போவப் பாத்துது. பஸ்சு திரும்பிப்போச்சு. பஸ்சு தரைய மிதிச்சுக்கிட்டு இருந்த காலுக்குச் சேதி போயிருச்சு, மேல இருக்கற ஒடம்புக்குப் போவல. வெத்தலைக்காரி தோள் பட்டு நின்னப்பத்தான் உனக்கும் சேதி வந்துச்சு. அவ உன்ன உள்பக்கமாத் தாங்கித் திருப்பியிருக்கறா, அவளுக்கு ரெண்டு தக்காளி குடுத்துட்டு எறங்கு.

இது உன்ற பதினொண்ணாம் வகுப்பு இயற்பியல் புஸ்தகத்துலயே இருக்குது சாமி. நீ பரிச்சை எழுதி முடிச்ச கையோட அத மூட்டை கட்டிப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போட வெச்சிருந்தயே, அதுல இருந்து நான் உருவிக்கிட்டேன். திண்ணையில பொழுது போவோணுமல்ல. இயக்க விதிகள்னு ஒரு பாடம். மையநோக்கு விசைன்னு ஒண்ணு, மையவிலக்கு விசைன்னு ஒண்ணு. ரெண்டாவதுக்குப் பக்கத்துலயே போலி விசைன்னு போட்டிருக்கறாங்க. நீ அதுக்கடியில சிவப்பு மையில கோடு வேற போட்டிருக்கற. கோடு போட்டவன் படிச்சும் பாத்திருக்கலாம்.

வெளிய தள்ளற முனிதான் அந்தப் போலி. பஸ்சுக்குள்ள உக்காந்துக்கிட்டுக் கணக்குப் போடறவனுக்கு அது வேணும், அவன் கணக்கு அது இல்லாம நேராவாது. தடத்தோரம் நின்னு பாக்கறவனுக்கு அது தேவையே இல்ல. அவனுக்குத் தெரியறதெல்லாம், நேராப் போற ஒண்ண யாரோ உள்பக்கமா இழுத்துக்கிட்டே இருந்தாத்தான் அது வட்டம் போவும். இழுக்கற கை வுட்டுதுன்னா வட்டமும் அத்தோட சரி.

நம்பலீன்னா கவண எடுத்துச் சுத்திப் பாரு. நீயெங்க சுத்தியிருக்கப் போற, உனக்குக் கவண்னா வீடியோவுல பாத்ததுதான். சோளக் காட்டுல பரண் மேல நின்னு கிளி ஓட்டுன வயசுல எங்களுக்கு அதுதான் துப்பாக்கி. புதுசாச் சுத்தறவன் என்ன பண்ணுவான்னா, கல்லு கிளியப் பாத்து நீட்டி நிக்கறப்பக் கவுத்த வுடுவான். கல்லு கிளிப் பக்கமே போவாது, பக்கத்துக் காட்டுக்காரன் மண்டையப் பாத்துப் போவும். கவுத்த வுட்ட நொடியில கல்லு எந்தத் திக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சோ அந்தத் திக்குலதான் நேராப் போவும், வெளிய பாத்துப் போவாது. அதனால கிளியடிக்கோணும்னா கால் வட்டம் முன்னாடியே வுட்டுப்போடோணும். கவுறு கிளிக்குக் குறுக்கால நிக்கறப்ப வுடறவன் அடிப்பான். முனி நெசமா வெளிய தள்ளுனா கல்லு கவுறு நீட்டுன பக்கமல்ல போவோணும்?

உனக்கு மட்டுமா இந்தக் கொழப்பம்? பெரிய பெரிய மூளைக்காரங்களே முனிக்குப் படையல் போட்டவங்கதான். கிறிஸ்டியான் ஹைகன்ஸ்னு ஒரு டச்சுக்காரரு, ஊசல் கடியாரம் செஞ்சவரு. சுத்தற பொருளு எத்தனை பலமா வெளிய போவப் பாக்குதுன்னு 1659-லயே கணக்குப் போட்டுட்டாரு, 1673-ல புஸ்தகத்துலயும் போட்டுட்டாரு. கணக்குல ஒரு பிசகும் இல்ல. வெசை ரெட்டிச்சா விசை நாலு மடங்கு, வளைவு அகலமானா விசை கொறையும். இன்னைக்கும் நீ எழுதற கணக்கு அதேதான். திசை மட்டுந்தான் வெளிப்பக்கம். நியூட்டனும் வாலிபத்துல அப்படித்தான் ரோசன பண்ணிக்கிட்டு இருந்தாரு. 1679-ல ராபர்ட் ஹூக்னு ஒருத்தரு அவருக்குக் கடுதாசி போட்டாரு. நேராப் போற போக்கு ஒண்ணு, நடுவப் பாத்து இழுக்கற இழுப்பு ஒண்ணு, ரெண்டையும் சேத்துப் பாருய்யான்னு. ரெண்டு பேருக்கும் ஆவாது, பின்னால பெரிய சண்டையே வந்துச்சு. ஆனா நியூட்டன் அந்த ரோசனைய எடுத்துக்கிட்டாரு, 1687-ல வந்த புஸ்தகத்துல உள்ள இழுக்கற விசைக்குத் தனிப் பேரே வெச்சாரு. பங்காளிச் சண்டையிலயும் நல்ல வெத நெல்லு கை மாறும் பாரு.

அந்தா, நெலா கெளம்புது. அதையும் கேட்டுக்க. அது நம்மளச் சுத்துதுன்னு சொல்றமே, அதுவும் உழுந்துக்கிட்டேதான் இருக்குது. ஒரு நொடிக்குச் சுமாரா ஒரு கிலோமீட்டரு ஓடுது. அந்த ஒரு நொடியில நேர்க்கோட்ட வுட்டு நம்ம பக்கமா எத்தனை உழுவுது தெரியுமா? ஒண்ணேகால், ஒண்ணரை மில்லிமீட்டருக்கு நடுவால. ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ராகி கனம்! இங்க மாமரத்துல இருந்து உழுவற காய் மொத நொடியில கிட்டத்தட்ட அஞ்சு மீட்டரு உழுவுது. பூமியோட நடுவுல இருந்து பாத்தா நெலா மாங்காய வுட 60 மடங்கு தூரத்துல இருக்குது, தூரத்தோட வர்க்கத்துக்கு இழுப்பு கொறையும், அறுவத அறுவதால பெருக்குனா 3,600. அஞ்சு மீட்டர 3,600-ஆல வகுத்துப் பாரு, அதே ராகிதான் வரும். மாங்காயக் கீழ இழுக்கறதும் நெலாவத் திருப்பறதும் ஒரே கைதான்னு நியூட்டன் புடிச்சது இந்தக் கணக்குலதான். அதுக்கு முன்னாடி ஆயிரக்கணக்கான வருசம், வானத்துல இருக்கறது வட்டமாச் சுத்தறதுதான் அதுங்க சுபாவம்னு சொல்லிப்போட்டு அரிஸ்டாட்டில் பேரால படுத்துத் தூங்கிட்டாங்க.

சரி, நெலாவுக்குப் பூமி இருக்குது, கவண்கல்லுக்குக் கவுறு இருக்குது. வளைவுல உன்ன உள்பக்கமா இழுக்கறதுக்கு யாரு இருக்கறா? உன்ற கம்பெனிக்காரன் பெட்ரோல் டேங்குல ஒட்டியிருக்கற புலிப் படமா? டயரு தடத்துல படற எடம் இருக்குதல்ல, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு. ரெண்டையும் சேத்தா உன்ற உள்ளங்கை அகலம் வரும். அந்த ரப்பருக்கும் தாருக்கும் இருக்கற உராய்வுதான் உன்ற கவுறு. வேற யாருமில்ல.

இப்ப அந்தப் பார்முலாவ எடு. மலைத்தடத்துல கொண்டை ஊசி வளைவு எப்படி இருக்கோணும்னு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் ஒரு விதி வெச்சிருக்குது. உள்பக்க வட்டத்துக்கு ஆரம் கொறஞ்சது 14 மீட்டரு, வெசை 20 கிலோமீட்டருன்னு வெச்சுத் தடம் போடோணும். உன்ற வண்டி 140 கிலோன்னு வெச்சுக்குவோம், நீ 60. ஆக 200. அந்த 14 மீட்டரு வட்டத்துல 20-ல திரும்புனீன்னா, டயரு உன்ன உள்ள இழுக்க வேண்டியது 45 கிலோ எடை அளவுக்கு. சுளுவா இழுத்துப்போடும். 30-ல போனா 100 கிலோ. இழுக்கும், ஆனா மூச்சு வாங்கும். 40-ல போனீன்னா? நீ ரெட்டிச்சது வெசைய மட்டுந்தான், முனி கேக்கறது நாலு பங்கு, 180 கிலோ. காஞ்ச தார்த்தடத்துல சாதாரண டயரு புடிக்கற புடி, வண்டி எடையில நூத்துக்கு எழுவதுன்னு வெச்சாலும் 140 கிலோதான். பாக்கி 40 கிலோவ யாரு குடுப்பா? உங்கொப்பன் குடுப்பானா? 35-ஐத் தாண்டுனா அந்த வட்டத்துல நீ நிக்க முடியாது கண்ணு. தடம் நனைஞ்சிருந்தா புடி பாதியா எறங்கிரும், அப்ப 25-லயே பல்ல இளிச்சிரும். தடத்தோட வெளிப்பக்கத்தச் சித்தெ உசத்தித்தான் போட்டிருப்பாங்க, மலையில நூத்துக்குப் பத்து வரைக்கும் உசத்தலாம்னு விதி. அதுல ஒரு 20 கிலோ உனக்கு ஒத்தாசை. அத நம்பி இன்னும் முறுக்காத, அது வெச்சிருக்கறது மழைக்கு.

நீ வண்டியச் சாய்ச்சு ஓட்டறது ஷோக்குக்குன்னு நெனச்சுக்கிட்டு இருக்கற. அந்த வட்டத்துல 20-ல போனா 13 டிகிரி சாஞ்சாத்தான் உழுவாம இருப்ப, 30-ல போனா 27 டிகிரி. சாய்ப்பும் அந்தக் கணக்குல இருந்து வரதுதான். இன்னொரு வேடிக்கை சொல்லட்டுமா? ஓடற வண்டிய வலது பக்கம் சாய்க்கோணும்னா, மொதல்ல ஹேண்டில் பார நூல் அளவு இடது பக்கமாத் திருப்போணும். நீ தெனமும் அப்படித்தான் பண்ணிக்கிட்டு இருக்கற, உனக்கே தெரியாம. நாளைக்கு மலையில போயிச் சோதிச்சுப் பாக்காத, ஏரிக்கரையில பொட்டாட்டப் பண்ணிப் பாரு.

"கூட ஒருத்தன் உக்காந்தா வெயிட்டுக்கு வண்டி புடிச்சு நிக்கும் அப்புச்சி"ன்னு நேத்து ஒருத்தன் சொன்னான், உன்ற கூட்டாளிதான், தாடி வெச்சவன். அவன் 60 கிலோ ஏறுனான்னா புடி 140-ல இருந்து 182-க்கு ஏறும், மெய்தான். 40-ல போறப்ப முனி கேக்கறதும் 180-ல இருந்து 234-க்கு ஏறுது. எடை ரெண்டு பக்கமும் ஏறி அடிபட்டுப்போவும். மாத்தம் என்னன்னா, முன்னாடி முள்ளுக்குள்ள ஒருத்தன் கெடப்பான், இப்ப ரெண்டு பேரு.

வளைவுக்குள்ள நொழைஞ்ச பொறவு வெசை அதிகம்னு தெரிஞ்சு பிரேக்கப் புடிப்பானுக பாரு, அவனுகளக் கண்டாத்தான் எனக்குச் சிரிப்பு வரும். டயருங்கறது ஒத்தப் பண்ணையாளாட்ட. ஒரே நேரத்துல தண்ணி கட்டு, களையும் புடுங்குன்னா, இருக்கற ரெண்டு கைய வெச்சுத்தான் பண்ணுவான். அங்க கொறைச்சாத்தான் இங்க முடியும். திருப்பறதுக்கே பூராப் புடியும் போயிக்கிட்டு இருக்கறப்ப, நிறுத்துன்னும் சொன்னா ரெண்டும் வுட்டுப்போயிரும். பிரேக்கு வளைவுக்கு முன்னாடி, நேர்த்தடத்துல. எறங்கறப்ப, ஏறுன கியருலயே எறங்கு.

என்ன முழிக்கற? மரணக் கிணறா? கேப்பன்னு தெரியும். பொருட்காட்சியில பலகைக் கெணத்துக்குள்ள வண்டி ஓட்டறவன் வெசையாப் போவப் போவத்தானே உழுவாம இருக்கறான், மலையில மட்டும் ஏன் மெதுவாப் போவோணும்ங்கற. நல்ல கேள்வி. அங்க உள்ள தள்ளறது சுவரு சாமி. அஞ்சு மீட்டரு ஆரம், 45-ல ஓட்டறான்னு வெய்யி, சுவரு அவனையும் வண்டியையும் 640 கிலோவுக்கு உள்ள அமுக்குது. இருக்கறது 200 கிலோ, அதக் கீழ உழாமத் தாங்கறதுக்கு அந்த அமுக்கத்துல மூணுல ஒரு பங்கு உராய்வு கெடச்சாப் போதும். வெசை கூடக் கூட அமுக்கம் கூடும், புடியும் கூடும். கொண்டை ஊசியில நீ எத்தனை முறுக்குனாலும் தடத்துமேல அமுங்கறது அதே 200 கிலோதான். கேக்கறது ஏறுது, புடி ஏறல. பள்ளத்துப் பக்கம் சுவருன்னு இருக்கறது முட்டி ஒசரக் கல்லு. அது உன்னத் திருப்பாது, தாண்டி வுடும்.

எங்க லாரி வேற தினுசு. பைக்கு சறுக்கும், லாரி கவுரும். ரெண்டு மீட்டரு அகலத்துல சக்கரம், பாரத்தோட நடு ரெண்டு மீட்டரு ஒசரத்துல இருந்துச்சுன்னா, டயரு சறுக்கறதுக்கு முன்னாடியே உள்பக்கச் சக்கரம் தரைய வுட்டுத் தூக்கிக்கும். அந்த 14 மீட்டரு வட்டத்துல 30-க்கே கவுந்துபோயிரும். அதனாலதான் பஞ்சு மூட்டைய வானம் முட்ட அடுக்கிக்கிட்டு வரவன் வளைவுல மாமியா ஊட்டுக்குள்ள நொழையறவனாட்ட வருவான். எல்லாத்தையும் வுட மோசம் பாதி ரொம்புன டேங்கரு. முழுசா ரொம்பியிருந்தா உள்ள ஆடறதுக்கு எடமில்ல. பாதி இருந்தா, வண்டி திரும்பறப்ப உள்ள இருக்கறது நேராப் போவப் பாத்து வெளிப்பக்கச் சுவத்துமேல ஏறும், பாரத்தோட நடுவே அக்கட்ட நகர்ந்துரும். குறுக்கால தடுப்புத் தகடு வெச்சிருப்பாங்க, அது பிரேக் அடிக்கறப்ப முன்னாடி மோதாம இருக்கறதுக்கு. பக்கவாட்டு ஆட்டத்துக்கு அது காவலில்ல. நாமக்கல்லுல கேஸ் டேங்கரு ஓட்டறவங்கள வளைவுல பாரு, கண்ணு தடத்துல இருக்கும், காது பின்னால இருக்கும்.

அவங்களுக்கும் மேல ஒரு சாதி டிரைவரு உண்டு, முட்டை லாரிக்காரன். பின்னால அடுக்கியிருக்கற அட்டைக அத்தனையும் அவனுக்கு வாத்தியாரு. வளைவுல வெசை போனா வெளிப்பக்க அட்டை நசுங்கும், சடன் பிரேக் போட்டா முன்பக்க அட்டை நசுங்கும். ஊருக்குப் போயி எறக்குறப்ப, எந்தப் பக்கம் மஞ்சக்கரு வழியுதுன்னு பாத்தே அவன் எப்படி ஓட்டுனான்னு ஓனரு சொல்லிப்போடுவான்.

அப்பறம் கண்ணு, செம்மேட்டுல உங்க பெரியம்மா ஊட்டுக்கு ஒரு அட்டை முட்டை குடுத்து வுடறேன், 30 இருக்குது. பின் சீட்டுல கட்டித் தாரேன், தாடிக்காரன் வேற வண்டியில வரட்டும். வெவரமானவனாச்சே நீ, உன்ற மனசுல என்ன ஓடுதுன்னு தெரியுது. பைக்குச் சரியாச் சாஞ்சு திரும்புனா முட்டைக்கு எந்தப் பக்கமும் தள்ளு வராது, சீட்டுமேல அமுக்கந்தான் வரும், அதனால எத்தனை வெசையில போனாலும் ஒண்ணும் ஒடையாது, கெழவனுக்கு இது தெரியாதுன்னு நெனைக்கற. தெரியும் சாமி. வளைவுக்குள்ள போயிப் பயந்துக்கிட்டு பிரேக்கப் புடிக்கறப்பத்தான் முட்டை ஒடையும். பெரியம்மாவுக்கு போன் பண்ணியாச்சு. நீ போயிச் சேந்ததும் மொதல்ல முட்டைய எண்ணிச் சொல்லச் சொல்லியிருக்கறேன், காப்பித் தண்ணியெல்லாம் அதுக்கப்பறந்தான்.